பாயிண்ட்டுக்கு நாற்பத்தைந்து ரூபாய்

எங்கள் வீட்டு வயரிங்கை மாற்ற வேண்டும் என்ற பேச்சு என் மிக்ஸியால்தான் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அந்த வீட்டில் யாருக்கும் இது ஞாபகமே இருக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் பழங்காநத்தத்தில் இருந்தோம். அலங்காநல்லூர்ப் பக்கம் இருந்த வயலில் ஒரு துண்டை விற்று என் மாமனார் கட்டிய வீடு அது. மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமனார், என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், நான் என்று ஐந்து பேர். அடுக்களைக்கு நான் ஒருத்திதான்.

எனக்குத் தல்லாகுளத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க் வேலை. காலையில் இட்லி அவித்து, சட்னி அரைத்து, மத்தியானத்துக்குச் சோறு, குழம்பு, ஒரு பொரியல் செய்து, எல்லாருக்கும் தூக்குச்சட்டியில் கட்டிக் கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அம்மி கொல்லையில் கிடந்தது. சட்னிக்கு ஒரு தடவை, குழம்புக்கு ஒரு தடவை அதன் முன்னால் போய் உட்கார வேண்டும். என் வலது மணிக்கட்டு வீங்கிப்போய், அலுவலகத்தில் பேனாவைப் பிடித்தால் விண் விண்ணென்று தெறிக்கும். டாக்டரிடம் காட்டினேன். அரைக்கிறதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் வீட்டில் யார் அரைக்கிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அலுவலகத்துப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து தவணையில் மிக்ஸி வாங்கினோம். பொங்கல் முடிந்த கையோடு அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினேன். மறுநாள் காலையில் தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டு ஓடவிட்டேன். அடுக்களையில் பிளக் கிடையாது. பல்பு ஹோல்டரில் ஒரு மாற்றுக் கட்டையைச் செருகித்தான் ஒயரை எடுத்திருந்தேன். இரண்டே சுற்று. வீடு முழுக்கக் கரண்ட் போய், மச்சில் ஓடிய பழைய ஒயரிலிருந்து துணி பொசுங்குகிற வாடை வந்தது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் மெயினை இறக்கினார். மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கே போய்விட்டார்.

மிக்ஸி மறுபடியும் பெட்டிக்குள் போய்ப் பரணில் ஏறியது. தவணை மட்டும் மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

அதற்குப் பிறகு பீஸ் அடிக்கடி போக ஆரம்பித்தது. ஒரு கோடை மழையன்று குளியலறைச் சுவரில் கை வைத்த என் சின்னவன் கையை உதறிக்கொண்டு அழுதான். அதன் பிறகுதான் தெருமுனையில் கடை வைத்திருந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும். சட்டைப் பையில் டெஸ்டரும் கழுத்தில் கர்ச்சீப்புமாக வந்து, மெயின் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். ஒயர் எல்லாம் உளுத்துப்போய்விட்டது, ஒட்டுப் போட்டால் நிற்காது, முழுவதையும் மாற்றியாக வேண்டும் என்றார்.

பிறகு ஒவ்வோர் அறையாக வந்து என்னென்ன வேண்டும் என்று கேட்டார். வாசலுக்கு டியூப்லைட் என்றார் என் வீட்டுக்காரர். மாமனார் தன் கட்டிலைக் காட்டி, தலைமாட்டில் ரேடியோவுக்கு ஒரு பிளக் என்றார். அடுக்களைக்கு வந்தபோது நான் அடுப்பு மேடைக்குப் பக்கத்துச் சுவரைத் தொட்டுக் காட்டி, இங்கே ஒரு பிளக், மிக்ஸிக்கு என்றேன். நாளைக்குக் கிரைண்டரும் வரும், அதனால் பெரிய பவர் பிளக்காகவே போட்டுக்கொள்ளுங்கள், மெயின் போர்டிலிருந்து தனியாகத் தடிமனான ஒயர் இழுக்க வேண்டும், ஆனால் அது இரண்டு பாயிண்ட் கணக்கு என்று அவர் விளக்கமாகச் சொன்னார். சரி தம்பி என்றேன்.

விளக்கோ விசிறியோ சின்ன பிளக்கோ, ஒன்று ஒரு பாயிண்ட். பாயிண்ட்டுக்கு நாற்பத்தைந்து ரூபாய், சாமான் அவருடையது. எல்லாம் கூட்டினால் ஆயிரத்து இருநூறுக்குப் பக்கத்தில் வந்தது.

என் வீட்டுக்காரருக்கு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிற வேலை. அங்கே கடன் கிடைக்காது. எங்கள் அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் என் பேரில் கடன் போடுவதாக முடிவாயிற்று. கையெழுத்துப் போட்டவள் நான், பணத்தை வாங்கி வந்து பீரோவில் வைத்தவளும் நான். ஆனால் அந்த ரேட் நியாயமா அநியாயமா என்று தீர்மானிக்கிற பொறுப்பை வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் அதற்குப் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஜவுளி விலையில் ஆளை ஏமாற்ற முடியாத மனிதர். துணியை விரலில் வைத்து நசுக்கிப் பார்த்தே மீட்டர் இன்ன விலை என்று சொல்லிவிடுவார். ஒயரை நசுக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. டவுனுக்குள் ஓர் எலக்ட்ரிக் சாமான் கடைக்குப் போய் ஒயர் என்ன விலை என்று கேட்டார். கடைக்காரர், வேலை யார் செய்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். எதற்கு என்றால், ஆள் யாரென்று தெரிந்தால்தான் விலை சொல்ல முடியுமாம். எலக்ட்ரீஷியனுக்குக் கடையிலிருந்து ஒரு பங்கு போகும் வழக்கம் அப்போதே எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். என் வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் ஒரு பல்பை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அப்புறம் வேறு எலக்ட்ரீஷியன்களைத் தேடினார். வசந்த நகர் பக்கம் ஒருவர், ஜெய்ஹிந்த்புரத்தில் ஒருவர். இரண்டு பேரும் வந்தார்கள், காபி குடித்தார்கள், மச்சை அண்ணாந்து பார்த்தார்கள். கடைசியில், இதை முதலில் பார்த்தது யார் என்று கேட்டார்கள். சொன்னவுடன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒருவர் பார்த்து ரேட் சொன்ன வேலையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் கட்டுப்பாடு. எல்லாரும் சாயங்காலம் ஒரே டீக்கடையில் நிற்கிற ஆட்கள். சரி, செய்ய வேண்டாம், ரேட் நியாயமா என்று மட்டும் சொல்லுங்கள் என்று என் வீட்டுக்காரர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். அவர் சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும் என்று எழுந்து போய்விட்டார்கள். இரண்டு காபி வீணாகிப் போன வயிற்றெரிச்சலில் அவர் என்மேல் எரிந்து விழுந்தார். காபி போட்டதும் நான்தானே.

இதற்குள் பங்குனி போய்ச் சித்திரை வந்துவிட்டது. மின்விசிறி பாதி நாள் ஓடவில்லை. நான் பழையபடி கொல்லையில் உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் முடியட்டும் என்று எங்கள் அலுவலகக் கட்டடத்தில் விளக்கு, விசிறி பார்க்கிற வயர்மேனை நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னேன். அவர் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். எங்கள் தெரு டீக்கடைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மெதுவாகக் கேள்வி கேட்டார். ஒயர் செம்பா அலுமினியமா? ஒயரை ஓட்டுகிற ரீப்பர் கட்டை தேக்கா, வேறு மரமா? வேலை முடிந்த பிறகு கரண்ட் ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு யார் செலவு? கொல்லையில் குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்குவது கணக்கில் சேர்ந்திருக்கிறதா? நாலுக்கும் எங்களிடம் பதில் இல்லை. எங்கள் எலக்ட்ரீஷியனிடமே ஆள் அனுப்பிக் கேட்டோம். அலுமினியம்தான், ஆனால் நல்ல சரக்கு, தேக்குக் கட்டை, ரிப்போர்ட் அவர் பொறுப்பு, எர்த்துக்கு மட்டும் தனி என்று பதில் வந்தது. வயர்மேன் தலையை ஆட்டினார். ரேட் சரிதான், கூட ஒரு ரூபாய் இல்லை, எர்த்துக்குப் பணத்தைப் பார்க்காதீர்கள், போட்டே ஆக வேண்டும் என்றார்.

நான் கூட்டி வந்த ஆள் விலையைக் குறைக்காமல் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். அவனும் அந்தக் கூட்டந்தான் என்று என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நியாயமான ரேட் என்று ஒருவர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்வதில் எங்கள் வீட்டில் யாருக்கும் விருப்பம் இல்லை. ஒரு பத்து ரூபாயாவது குறைத்தால்தான் அது நியாயம்.

மாமனார் அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிலத்தை விட்டுவிட்டு வந்து பல வருஷம் ஆகியிருந்தாலும், மாட்டு வியாபாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஊரில் இன்னமும் சொல்வார்கள். நீ விடு, நான் பேசுறேன் என்று மகனிடம் சொல்லி, எலக்ட்ரீஷியனைச் சாயங்காலம் வரச்சொன்னார்.

அன்று நான் அலுவலகத்திலிருந்து வந்து, புடவையைக்கூட மாற்றாமல் காபித் தட்டோடு ஹாலுக்குள் வருகிறேன். மாமனார் தோள்துண்டை எடுத்து எலக்ட்ரீஷியனின் வலது கை மேல் போட்டு மூடி, அதற்குள் தன் கையை நுழைத்தார். எனக்குப் பார்த்தவுடனேயே புரிந்துவிட்டது. என் பிறந்த வீடும் மாடு கன்று உள்ள வீடுதான். சந்தையில் நாலு பேருக்கு நடுவே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துக் கேட்பார்கள், விரலைப் பிடித்தே பதில் சொல்வார்கள். மூன்று விரலைப் பிடித்தால் முப்பது. ஒத்துக்கொண்டால் தலையாட்ட வேண்டியது, இல்லாவிட்டால் எதிராளியின் விரலைப் பிடித்துத் தன் விலையைச் சொல்ல வேண்டியது.

மாமனார் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பிடித்தார். எலக்ட்ரீஷியன் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு இடது கையையும் கொண்டுவந்து துண்டின் மேலேயே வைத்து, "சரிங்கய்யா. நீங்க பெரியவரு. நல்லபடியா முடிச்சுத் தாரேன்" என்றார்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வந்தவர் காபியைக் குடித்துவிட்டுப் போனதும், முப்பதுக்கு முடிச்சிட்டேன் என்று மகனிடம் சொன்னார். என் வீட்டுக்காரருக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. நானும் சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். எப்படியோ வேலை தொடங்கப்போகிறதே என்ற சந்தோஷம்.

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது எலக்ட்ரீஷியன் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா நிறையக் கட்டையும் ஒயர்ச் சுருளுமாக வந்து இறங்கினார். சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு பழைய ஒயர்கூட மிச்சமில்லை. எல்லாச் சுவரிலும் ஆணி பிடுங்கிய ஓட்டை. தரையெல்லாம் சுண்ணாம்புத் தூள். அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் ஒரு மூலையிலும் மாமனார் ஒரு மூலையிலும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் விசிறிமட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததை என் வீட்டுக்காரர்தான் சொன்னார். பிடுங்குகிற வேலை முடிந்து அட்வான்ஸ் பேச்சு வந்தபோது மாமனார் முப்பது ரூபாய்க் கணக்கில் பாதி என்றிருக்கிறார். எலக்ட்ரீஷியன் திருதிருவென்று முழித்திருக்கிறார். அவர் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். மாட்டுச் சந்தையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பெரியவர் கையைப் பிடித்து, நாற்பத்தைந்துக்குச் சம்மதம், நல்லா இருப்பா என்று ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்து, அந்த மரியாதையில் மனசு குளிர்ந்து, கடனுக்குச் சாமான் எடுத்துவந்துவிட்டார். நான் மூணு விரலப் பிடிச்சேனா இல்லையா என்று மாமனார் கேட்க, பிடிச்சீங்கய்யா, ஆனா எனக்கு அது தெரியாதே என்று அவர் சொல்ல, மத்தியானம் முழுக்க அந்த விரல் விவகாரம் ஓடியிருக்கிறது. பொய் சொன்னவர் யாரும் இல்லை. அதனாலேயே யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பழைய ஒயரைப் பிடுங்கியாகிவிட்டது. இனி அவரை அனுப்பிவிட்டால் வேறு யாரும் வந்து தொடமாட்டார்கள். அவருக்கும் எடுத்த சாமானைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஒரு வழியாக ராசிக்கு வந்திருக்கிறார்கள். ரேட் நாற்பத்தைந்துதான். எர்த்துக்கு எலக்ட்ரீஷியன் கூலி வாங்கமாட்டார். மொத்தம் ஆயிரத்தைத் தாண்டக்கூடாது என்பது மாமனாரின் மானப் பிரச்சினை. அதனால் பாயிண்ட்டில் கொஞ்சம் வெட்டிக்கொள்வது.

எதை வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

கொல்லை விளக்கு ஒன்று, மச்சுப்படி விளக்கு ஒன்று என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். அரிக்கேன் திரியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார், இறக்கிவிட்டார். பிறகு, "அந்த அடுக்களைப் பிளக்கு. அது ஒண்ண எடுத்தா ரெண்டு கொறையுதுல்ல" என்றார்.

நான் கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றேன். மிக்ஸிக்காகத்தானே இதெல்லாம் ஆரம்பித்தது என்று சொல்ல நினைத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்றிருந்தது. ஹாலில் ஒரு பெரிய பிளக் வருகிறது, இஸ்திரிப் பெட்டிக்கு, அங்கே கொண்டுவந்து அரைத்துக்கொள் என்றார் அவர். அவர் சட்டைக்கு இஸ்திரி போடுவதும் நான்தான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பு. அப்படி ஓர் அலுப்பு. சுண்ணாம்புத் தூளைக் கூட்டி அள்ளிவிட்டு, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் உலை வைத்தேன்.

வேலை ஒரு வாரத்துக்கு மேல் நடந்தது. எலக்ட்ரீஷியனைக் குறை சொல்ல முடியாது. நூல் பிடித்த மாதிரிக் கட்டை அடித்தார். ஒயரை இழுத்து ஒவ்வொரு கிளிப்பாக மடக்கி அழுத்தினார். ஹாலைச் சுற்றி, மாமனார் அறையைச் சுற்றி, வாசல் வரைக்கும் புதுக் கட்டை ஓடியது. அடுக்களைக்கு நிலைப்படிக்கு மேலாக ஒரே ஒரு கட்டை வந்து பல்போடு நின்றுவிட்டது. நான் தொட்டுக் காட்டிய சுவர் வெறுமனே இருந்தது. பென்சிலால் அவர் முதல் நாள் போட்ட பெருக்கல் குறி மட்டும் அதில் இருந்தது. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

கரண்ட் வந்த அன்று வாசல் டியூப்லைட் தெருவுக்கே வெளிச்சம் போட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு எம்புட்டு ஆச்சு என்றார். ஆயிரத்துக்குள்ள முடிச்சிட்டம்ல என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் காலை பரணிலிருந்து மிக்ஸியை இறக்கினேன். ஹாலில் தரையில் வைத்து, தேங்காய், மிளகாய், உப்பு எல்லாம் போட்டு மூடி, பிளக்கைச் செருகினேன். மாமனார் தன் அறையில் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்விட்சில் கை வைத்த சமயம், "செய்தி முடியட்டும் தாயி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். நான் மூடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். செய்தி முடிந்தது. அதன் பின்னால் விவசாயிகளுக்கு ஏதோ சொன்னார்கள். வயலை விட்டு வந்தாலும் அவருக்கு அதில் அக்கறை போகவில்லை. அதுவும் முடிந்தது. நான் அரைத்து எடுத்து, இட்லியைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஓடுவதற்குள் என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு போனேன். வருகைப் பதிவேட்டில் என் பேருக்கு நேராக ஏற்கெனவே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள். அந்த மாதம் அது எனக்கு மூன்றாவது கோடு. மூன்று தாமதத்துக்கு ஒரு நாள் லீவு கழியும்.

அம்மியில் அரைத்திருந்தால் அன்று நேரத்துக்குப் போயிருப்பேன். பகல் முழுக்க அதே நினைப்பாக இருந்தது. கடன் என் பேரில், தவணை என் சம்பளத்தில், லீவும் என் கணக்கில். மணிக்கட்டு வேறு வலித்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறேன், எலக்ட்ரீஷியன் பாக்கிப் பணத்துக்கு வந்து ஹாலில் பாய் மேல் உட்கார்ந்திருக்கிறார். மாமனார் நாற்காலியில். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும், பீரோவில் இருக்கும் பணத்தை எடுத்துவா, தம்பி ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார் என்றார். போனேன். சாவியைப் போட்டுத் திறந்தேன். எண்ணி வைத்திருந்ததோடு, ஓரத்தில் தனியாக மடித்து வைத்திருந்ததையும் எடுத்தேன். முதலில் அவர் சொன்ன கணக்குக்குத்தானே நான் கடன் போட்டிருந்தேன். மிச்சம் என்னிடம் அப்படியே இருந்தது.

எல்லாவற்றையும் எலக்ட்ரீஷியன் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, கூட இருக்குக்கா என்று நீட்டினார்.

"இருக்கட்டும் தம்பி. நீங்க மொதல்ல சொன்ன கணக்கே இருக்கட்டும், எர்த்துக் கூலியும் சேத்து. அடுக்களையில அந்தப் பிளக்கப் போட்டுக் குடுத்திருங்க."

அவர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "சார் என்ன சொல்றாருன்னு..." என்று இழுத்தார்.

நல்ல பையன்தான். மரியாதை தெரிந்த பையன். ஆனால் அந்த ஒரு பார்வையில் எனக்கு உள்ளே என்னவோ அறுந்துபோனது. ரேட் நியாயமா என்று மாசக்கணக்கில் ஊர் முழுக்கக் கேட்டார்கள். பிளக்கை எடுத்துவிடலாமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பும் இல்லை.

"சார் கடன் வாங்கல தம்பி. நான் வாங்கியிருக்கேன்" என்றேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஹாலில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை. மாமனார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி வெளியே கிளம்பிவிட்டார். துண்டுக்குள் அவர் பிடித்த மூன்று விரலும், அதற்குப் பிறகு மானம் காக்க இழுத்துப் பிடித்த ஆயிரமும் ஒரே நிமிஷத்தில் போய்விட்டன. அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பணத்தை நான் திரும்ப வாங்கவில்லை. என் வீட்டுக்காரர், சரி, போட்டுருங்க தம்பி என்றார். அன்று இரவு என்னோடு பேசவில்லை. நான் படுத்தவுடன் தூங்கிப்போனேன்.

மறுநாளே வந்து போட்டுவிட்டார். மெயின் போர்டிலிருந்து தனிக் கட்டை, தடிமனான ஒயர். நான் தொட்டுக் காட்டிய அதே இடத்தில், பெருக்கல் குறியின் மேலேயே, கறுப்பாகப் பெரிய பிளக். சரியான கூலிக்குச் சரியான வேலை. என் வீட்டுக்காரர் அதன் பிறகு வருகிற போகிறவர்களிடம், அடுக்களைக்கும் பவர் பிளக் போடச் சொல்லிட்டேன், பொம்பளைங்களுக்கு வேணும்ல என்று சொல்வதை நான் உள்ளே இருந்து கேட்பேன். கேட்டுக்கொண்டே தாளிப்பேன்.

முதல் நாள் காலையில் நின்றபடியே சட்னி அரைத்தேன். கொல்லைக்குப் போகவில்லை, குத்தவைக்கவில்லை, மணிக்கட்டில் நரம்பு இழுக்கவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, வழுவழுவென்று அரைந்துவிட்டது. வழித்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் பார்த்தால், அடுத்து செய்ய ஒன்றும் இல்லை. இட்லி வேக இன்னும் நேரம் இருந்தது. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் காலை வேளையில் எனக்கென்று அப்படி ஒரு நேரம் கிடைத்ததே இல்லை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். காலை நீட்டிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது.

அறையில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதிருந்த மாமனார், ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் காதைக் கொடுத்திருப்பார் போல. மிக்ஸிச் சத்தம் நின்றது அவருக்குக் கேட்டிருக்கிறது.

"அரைச்சு முடிஞ்சிருச்சா தாயி? இம்புட்டு வெரசாவா?" என்றார். குரலில் பழைய பிரியம் இருந்தது. "அப்ப தக்காளியில இன்னொண்ணு அரைச்சிரேன்."

எழுந்து தக்காளியை எடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் இரண்டு சட்னி.